தாரில் கட்டிய கோபுரம்

குழந்தைகள் தாங்களாகவே செய்துகொள்ளக்கூடிய கைவேலைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கத்தியோ நெருப்போ வேண்டியிருக்கக் கூடாது. தேவையான பொருள் எல்லாம் வீட்டிலேயே கிடைக்க வேண்டும். தொடங்கியதிலிருந்து முடிக்கும் வரை ஒருதடவைகூட "அடுத்து என்ன?" என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது. இவற்றை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில், ஐந்து நாள் என் தம்பியைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டபோது ஒரு பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டவை. நான்காவது ஒன்றும் உண்டு. அது நான்காம் நாள் சாயங்காலம் எழுதியது.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. அப்பா விசைத்தறிக் கூடம் ஒன்றில் சேலைத் தறி ஓட்டினார். காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மா வீட்டிலிருந்தபடி தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நூலை ஊடை என்பார்கள். அந்த நூலை, தறியில் இங்கும் அங்குமாகப் பாயும் நாடாவுக்குள் பொருந்துகிற மாதிரி, ஒரு சின்ன மரக்கட்டையில் ராட்டையை வைத்துச் சுற்றிக் கொடுக்க வேண்டும். சுற்றி முடித்த கட்டைதான் தார். ஒரு தார் தறியில் ஏறினால் ஏறக்குறைய அரைச் சாண் சேலை நெய்து முடியும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்த ராட்டைச் சத்தம் கேட்கும்.

விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, கரிவலம்வந்தநல்லூரில் சித்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. சித்தப்பா ஆடு மேய்க்கப் போய்விடுவார். ஐந்து நாள் கழித்துத்தான் அவருடைய அக்கா வெளியூரிலிருந்து வர முடியும். அதுவரை தினமும் காலை எட்டரை பஸ்ஸில் அம்மா போய், சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, துணி அலசிப் போட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். என்னை விட்டுவிட்டுப் போவதில் அம்மாவுக்கு யோசனை இல்லை. தம்பியை என்ன செய்வது என்பதுதான். போன தடவை சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனபோது அவன் பட்டியைத் திறந்துவிட்டு, பதினேழு ஆடுகளையும் பஸ் ரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

"இவனக் கூட்டிட்டுப் போனா நான் பச்சப் புள்ளையப் பாப்பனா, ஆட்ட வெரட்டுவனா?" என்றாள் அம்மா.

"நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

"அஞ்சு நாளும்?"

"அஞ்சு நாளும்."

அம்மா ஒரு விரலை நீட்டினாள். "ஒரு நாள், ஒரே ஒரு கோளாறு வந்துச்சுன்னாலும் மறுநாள் நான் போமாட்டேன், பாத்துக்க. அங்கன ஒன் சித்திக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளு கெடையாது."

எதிர்வீட்டு அத்தை இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டு முன்னால் பெட்டிக்கடை வைத்திருந்தவர். தெருவில் அவர் காதுக்குத் தப்பிப் போகிற பேச்சு எதுவும் கிடையாது.

"ஏட்டி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இவன இங்கன கொண்டாந்து எங்கடைத் தூணுல கட்டிப் போடப் போற, பாரு."

"நான் என்ன ஆடா?" என்று தம்பி கேட்டான்.

"ஆடு தேவலலே. அது தழைய மட்டுந்தான் திங்கும். நீ எங்கடையவே தின்னுருவ."

அன்று ராத்திரி சாப்பிடுமுன் ஐந்து நாளைக்கும் ஐந்து கைவேலைகளை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேரே என்ன பொருள் வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குறித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்பதில் மட்டும் எனக்கு அனுபவம் இல்லாததால், எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தேன்.

முதல் நாள் காகிதச் சங்கிலி. நாள்காட்டித் தாள்களை இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, வளையமாக வளைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்ட வேண்டும். அடுத்த தாளை அந்த வளையத்துக்குள் விட்டு ஒட்டினால் சங்கிலி. இதைவிட எளிதான வேலை இல்லை. ஆனாலும் பதினோரு மணிக்குள் அது தோற்றுவிட்டது. அவன் ஒட்டிய ஒவ்வொரு வளையத்தையும் நான் திருத்தினேன். அகலம் கூடிப்போனதைக் கத்தரித்தேன், கோணலாக ஒட்டியதைப் பிரித்து நேராக ஒட்டினேன். நாற்பத்திரண்டு வளையம் சேர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தபோது அதில் அவனுடையது ஆறு.

"அக்கா, நீயே செஞ்சுக்க," என்று சொல்லிவிட்டு அவன் நெல்லுக் குதிர்மேல் ஏறப் போனான்.

சோறு போட்டுக் கொடுத்துவிட்டு யோசித்தேன். மத்தியானம் அந்த நாற்பத்திரண்டையும் சுருட்டி எடுத்து வைத்துவிட்டேன். அவன் முன்னால் புதிதாக ஒரே ஒரு வளையம் ஒட்டிக் காட்டினேன். அதையும் பிரித்துவிட்டு, தாளையும் பருக்கையையும் அவன் பக்கம் தள்ளிவிட்டு, பாத்திரம் தேய்க்க எழுந்து போய்விட்டேன். சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு வளையம் ஒட்டியிருந்தான். ஒன்று என் முழங்கை பருமன், அடுத்தது மோதிரம் அளவு. நிலைப்படி ஆணியிலிருந்து ராட்டைக்கு மேலிருக்கும் ஆணி வரைக்கும் எட்டியது. அதில் முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு வளையத்தைப் பிரித்து ஒட்ட என் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

இன்றும் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பவர்கள் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு தடவை செய்து காட்டுங்கள். காட்டியதைக் கலைத்துவிடுங்கள். பிறகு அந்த இடத்தைவிட்டுப் போய்விடுங்கள். கண்ணெதிரே உங்கள் வளையம் ஒன்று இருக்கும் வரை பிள்ளை தன் வளையத்தைச் செய்யாது.

இரண்டாம் நாள் அத்தை கடையிலிருந்து ஒன்பது காலித் தீப்பெட்டிகள் வாங்கிவந்து ரயில் செய்தான். எட்டுப் பெட்டி, ஓர் எஞ்சின். எஞ்சினுக்குப் புகைபோக்கி, பழைய பேனா மூடி. "தென்காசி வண்டி" என்று சொல்லி அதைத் தரையில் இழுத்தபோது கடைசி இரண்டு பெட்டி கழன்றுபோனது. அது வேறு ஊருக்குப் போகிற பெட்டி என்று சொல்லிவிட்டான்.

மூன்றாம் நாள் நூல் படம். எங்கள் ஊரில் வேறு எது இல்லாவிட்டாலும் கழிவு நூல் இல்லாத வீடு இருக்காது. ஒரு முழம் நூலை மையில் நனைத்து, தாளின் ஒரு பாதியில் வளைத்து வளைத்து வைக்க வேண்டும். நுனியை மட்டும் வெளியே விட்டு, தாளை மடித்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தியபடி நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒரு படம். என்ன வரும் என்று இழுக்கிறவனுக்கே தெரியாது. அதுதான் அதில் விசேஷம்.

"அக்கா, பாம்பு! பாம்பு வந்துருக்கு!" என்று அவன் கத்தியதில் அத்தை கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்.

"எங்கனலே பாம்பு?"

தாளைத் தூக்கிக் காட்டினான்.

"சீ மூதேவி. ஈரக்கொல நடுங்கிப் போச்சு," என்றவர் தாளை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். "பாம்பு மாதிரி இல்லையே. மயில் மாதிரில்லா இருக்கு. எனக்கு ஒண்ணு குடு, கடையில ஒட்டுதேன்."

அன்று மட்டும் பதினான்கு படம். அம்மா பஸ் இறங்கி வரும்போது அத்தை கடை முகப்பில் நீல மயில் ஒட்டியிருந்தது. மூன்று நாள் ஒரு கோளாறும் இல்லை. சித்தி எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள், குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்று அம்மா சொன்னாள். இன்னும் இரண்டு நாள்தான். என்னால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

நான்காம் நாள் பத்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடிக்க வேண்டும். என் பட்டியலில் அன்றைக்கு வேறு ஒன்று எழுதியிருந்தேன். ஆனால் மூன்று நாளில் அவன் தேறிவிட்டான் என்று தோன்றியது. அதனால் இப்படிச் சொன்னேன்:

"நான் வர்றதுக்குள்ள நீயா ஒண்ணு செஞ்சு வையி. என்னன்னு நான் சொல்ல மாட்டேன். யாரையும் கேக்கவும் கூடாது. வீட்டுல இருக்கத வச்சுச் செய்யணும்."

"எதை வேணாலும் வச்சா?"

"எதை வேணாலும் வச்சு."

குழாயடியில் எனக்கு முன்னால் பதினொரு குடம் இருந்தது. முதல் குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய், இரண்டாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் திரும்பியபோது, கையில் ஒரு துண்டு வெல்லத்தோடு அவன் வாசலை மறித்து நின்றான்.

"கண்ண மூடு. குடத்த எறக்கி வச்சுட்டுக் கண்ண மூடு."

மூடினேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

அறை நடுவில் கோபுரம் நின்றது. ஒரு பக்கம் மரப்பெட்டியையும் மறுபக்கம் அம்மிக் குழவியையும் முட்டுக் கொடுத்து, நடுவில் தார்களை விறகு அடுக்குவதுபோல் அடுக்கியிருந்தான். அடிவரிசையில் பதினொன்று. அதன் இடுக்குகளில் பத்து. அதற்கு மேல் ஒன்பது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று ஒன்றாகக் குறைந்து, ஒன்பதாவது வரிசையில் மூன்று. உச்சியில் ஒரு தாரை நட்டுக்குத்தலாகக் கலசம் மாதிரி நிறுத்தியிருந்தான். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிற ஒன்பது நிலைக் கோபுரத்தை, முழுக்கச் சிவப்பில், ஓர் ஆள்கூடச் சொல்லிக்கொடுக்காமல் கட்டிவிட்டான்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு," என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

பிறகுதான் சுவரோரம் அம்மா தார் போட்டு வைத்திருந்த ஓலைப்பெட்டியும் பிஸ்கட் டின்னும் காலியாகக் கிடப்பதைப் பார்த்தேன்.

அந்தத் தார்கள் எல்லாம் சிவப்பு. ஆனால் ஒரே சிவப்பு இல்லை. முதலில் வந்த நூல் தீரும் தறுவாயில், சாயப்பட்டறையிலிருந்து இரண்டாவது தடவை நூல் வந்திருந்தது. ஓலைப்பெட்டியில் இருந்த நாற்பதும் பழைய சாயம். தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலையை முடிக்க அவை வேண்டும். டின்னில் இருந்த இருபத்துநான்கும் புதுச் சாயம், அடுத்த சேலைக்கு. "பக்கத்துல வச்சுப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. சேலைய விரிச்சாத்தான் பட்ட பட்டயாத் தெரியும். அப்பொறம் ஒண்ணும் செய்ய ஏலாது," என்று ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். தம்பி தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அப்பா அந்த நாற்பதையும் கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

"எதை எதுல இருந்து எடுத்த?" என்று கேட்டேன்.

"இங்கன இருந்தும் எடுத்தேன், அங்கன இருந்தும் எடுத்தேன். ரெண்டும் செவப்புத்தானக்கா?" என் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "நீதான எதை வேணாலும் வச்சுச் செய்யின்ன."

நான்தான் சொன்னேன். கை ஓங்கவில்லை. கோபுரத்தைக் கலைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். கலைத்தால் ஒரு குவியல் ஆகிவிடும். இப்போதாவது எது எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரிகிறது.

உச்சித் தாரையும் அதற்குக் கீழ் வரிசையில் ஒன்றையும் வாசல் வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம். மோந்து பார்த்தேன். இரண்டிலும் நூல் வாசனைதான். இன்னும் தாரில் சுற்றாத நூல் கொத்துகள், கழி என்போம், இரண்டு, பழையது ஓர் ஆணியிலும் புதியது இன்னோர் ஆணியிலுமாகத் தொங்கின. அவற்றோடு ஒட்டி வைத்துப் பார்த்தும் பயனில்லை.

"ஏலே, கையில என்ன ரத்தம்? யாரு மண்டைய ஒடச்ச?"

அத்தையின் குரல். தம்பி வாசலில் நின்று வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தான். வலது கை விரல் நுனி மூன்றும் சிவந்திருந்தது.

"மண்டைய ஒடைக்கல அத்தை. கோபுரம் கட்டினேன்."

"ஆமா, ஒங்க தாத்தா ராசால்லா."

நான் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வெல்லமும் எச்சிலுமாக இருந்த கையில் சாயம் ஒட்டியிருக்கிறது. எல்லாத் தாரும் சாயம் விட்டிருந்தால் உள்ளங்கை முழுக்கச் சிவந்திருக்கும். மூன்று விரலில் மட்டும் என்றால், சில தார் விடுகிறது, சில விடவில்லை.

முதலில் தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். பழைய கழியிலிருந்து ஒரு விரல் நீளம் நூல் கத்தரித்து, தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் தாளின் மடிப்புக்குள் வைத்து, மேலே புத்தகத்தை அழுத்தி ஐம்பது எண்ணினேன். பிரித்தால் ஈரக்கோடு மட்டும்தான். புதுக் கழி நூலை அதேபோல் வைத்தேன். பிரித்ததும் தாளில் மெல்லிய சிவப்புக் கோடு. ஒரு தடவை நடந்ததை நம்பக் கூடாது என்று இரண்டையும் இன்னும் மூன்று மூன்று தடவை செய்தேன். நான்கு தடவையும் பழையது விடவில்லை. நான்கு தடவையும் புதியது விட்டது.

பதினொன்றரைக்கு உச்சியிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு தாரை எடுத்து நுனியை மட்டும் நனைத்து, தாளில் எண் போட்டு, மடித்து அழுத்துவது. ஒரு பக்கத்துக்கு எட்டு. அழுத்துகிற வேலையும் எண்ணுகிற வேலையும் தம்பிக்கு. புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, ஏறக்குறைய அதன்மேலேயே படுத்துக்கொண்டு எண்ணினான்.

"இருவத்தெட்டு, இருவத்தொம்பது, நாப்பது..."

"முப்பது எங்க போச்சு?"

"அது ரயில்ல போயிருச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வந்த பிறகு எண்ணிக்கை ஒழுங்காகப் போனது. முடிவு தெரிந்த தாரைப் பெட்டியிலோ டின்னிலோ அவனே கொண்டுபோய் வைத்தான். கோபுரம் மேலிருந்து ஒவ்வொரு நிலையாகக் கரைந்தது. ஐந்தாவது நிலை போகும்போது, "மறுபடி கட்டலாமா?" என்று கேட்டான்.

"கட்டலாம். இத வச்சு இல்ல," என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம். மூன்றே முக்காலுக்கு அறுபத்துநான்கும் முடிந்தது. காய்ந்த நுனிகளை எல்லாம் கத்தரித்துவிட்டேன். எட்டுப் பக்கத்தையும் முன்னால் விரித்துவைத்து எண்ணினேன். சாயம் விடாதவை முப்பத்தெட்டு. விட்டவை இருபத்துமூன்று. மீதி மூன்றில் கோடு இருந்தது, ஆனால் வெளிறிய ரோஸ் நிறத்தில். புதுச் சாயம்தான் குறைவாக விட்டதா, அல்லது பழைய தாரில் அவன் விரல் சாயம் ஒட்டியதா? அந்த மூன்றையும் ஒரு முழம் பிரித்து, உள்ளிருந்த நூலை நனைத்துப் பார்த்தேன். அதே ரோஸ். அதற்கு மேல் பிரித்தால் சுற்று தளர்ந்து நாடாவில் சிக்கும். நிறுத்திக்கொண்டேன். கணக்குப்படி இரண்டு பழையது, ஒன்று புதியது. எது அந்த ஒன்று என்பது தெரியவில்லை.

"மூணையும் ஓலப்பெட்டில போட்டுருக்கா," என்றான் தம்பி. "யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. சேலையை விரிக்கும் வரைக்கும் தெரியாது. அப்போதும் சாயப்பட்டறையைத்தான் சொல்வார்கள். அம்மாவிடம் சொன்னால் நாளைக்கு அவள் போக மாட்டாள். சித்திக்குக் கஞ்சி வைக்க ஆள் இருக்காது. இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. ஒரு பக்கம் ஒரு சேலையில் அரைச் சாண் பட்டை. இன்னொரு பக்கம் ஒரு நாள் முழுக்க எழ முடியாமல் படுத்திருக்கிற சித்தி. சொல்லாமல் விட்டால் இரண்டும் நடக்காமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் இரண்டு சரியாகத்தான் இருக்கும். மூன்று தாரையும் எடுத்துக்கொண்டு ஓலைப்பெட்டி வரைக்கும் போனேன்.

எனக்குத் தெரியாததைத் தெரிந்த பெட்டியில் போட்டால், தெரிந்த முப்பத்தெட்டும் கெட்டுவிடும். அப்படித்தான் எனக்குப் பட்டது. மூன்றையும் ஜன்னல் கட்டையில் தனியாக வைத்தேன், உள்ளே வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி.

ஐந்து மணிக்குப் பூண்டும் மிளகும் மணக்க அம்மா வந்தாள். அவள் வாசலைத் தாண்டுமுன்பே எதிரிலிருந்து குரல் வந்துவிட்டது.

"மதினி, கோபுரத்தப் பாக்காம போயிட்டியளே! ஒம்பது நெல! தாருலயே ஒம்ம மவன் கட்டுனான்!"

அம்மா பையைக் கீழே வைக்கவில்லை. ஓலைப்பெட்டிக்குப் போய் ஒரு தாரை எடுத்தாள். நுனியைப் பார்த்தாள்.

"இதக் கத்திரிச்சது யாரு?"

குழாயடியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று நான் சொன்னதையும் சொன்னேன். தம்பி ராட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக்கொடுக்கத் தயாராக இருந்தான். அம்மா எட்டுத் தாளையும் வாசல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து நான்கு தாரும் டின்னிலிருந்து மூன்று தாரும் அவளே பொறுக்கி எடுத்தாள். நுனியை நாக்கில் நனைத்து, தாளின் ஓரத்தில் நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். ஏழும் சரியாக இருந்தது.

"அந்த மூணு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"ரெண்டு பழசு, ஒண்ணு புதுசு. எது எதுன்னு தெரியல. அதான் எதுலயும் போடல."

அம்மா மூன்றையும் கையில் உருட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில துண்டு ஓடுது. செவப்புக் கட்டம். அதுக்கு எந்தச் செவப்பும் ஒண்ணுதான். அப்பாட்ட குடுத்து விடுதேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாஞ் சரின்னு சொல்லிருந்தன்னா, ஒண்ணையும் நம்ப முடியாம அறுவத்துநாலையும் நான் திரும்பப் பிரிச்சுல்லா சுத்தணும்."

ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, பழைய கழியிலிருந்து இரண்டும் புதிய கழியிலிருந்து ஒன்றும் சுற்றினாள். தம்பி மெல்ல மெல்ல நகர்ந்து அவள் முதுகுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, எத்தன நெல கட்டுன?"

"ஒம்பது."

"கலசம் வச்சியா?"

"வச்சேன். ஒண்ணே ஒண்ணு."

"ம்," என்றாள். ராட்டை சுற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் கடைசித் தாரை எடுத்துவைக்கும் வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் கேட்டேன்: "நாளைக்குப் போவியாம்மா?"

அவள் ராட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "நாளைக்கு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள்.

"வெண்டைக்கா அச்சு. குறுக்க வெட்டி மையில தொட்டு வச்சா பூ பூவா விழும்."

"வெட்டணுமே. யாரு வெட்டுவா?"

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கத்தி கூடாது என்று நானே எழுதிய முதல் நிபந்தனை அது.

"சரி, காலைல நான் வெட்டி வச்சுட்டுப் போறேன்," என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் நோட்டில் நான்காவதை எழுதினேன்: எதைத் தொடக் கூடாது என்பதையும், அது ஏன் என்பதையும், வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்ததும் தம்பியைக் கூப்பிட்டு, இரண்டு சாயத்தின் கதையை அவனுக்கு முழுவதுமாகச் சொன்னேன். சேலையில் பட்டை விழும் என்பது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

மறுநாள் காலை அப்பா நாற்பது தாரையும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அந்தச் சேலையை அறுத்து விரித்தபோது பட்டை எதுவும் இல்லை. வீட்டில் புதுச் சாயத்தின் இருபத்துநான்கும் பிஸ்கட் டின்னில் இருந்தன. ஐந்தாம் நாள் காலை அம்மா கிளம்புகிற நேரம், அந்த டின்னைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? அங்கனயே இருக்கட்டும்."

இரண்டு முற்றல் வெண்டைக்காயை ஐந்து துண்டாக நறுக்கி, ஒரு தட்டில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எட்டரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக இறங்கிப் போனாள். நான் ஒரு துண்டை மையில் தொட்டுத் தாளில் ஒரு பூவை வைத்துக் காட்டினேன். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, குடத்தோடு குழாயடிக்குக் கிளம்பினேன். பிஸ்கட் டின் சுவரோரத்தில், அவன் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. எந்த வெண்டைக்காய்த் துண்டை முதலில் எடுக்கலாம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.